ஹார்மோன் ஊசியும் தேகப்பயிற்சியும்

சென்ற ஆவணி மாதத்தில், கூடுவாஞ்சேரிக்கு மேற்கேயுள்ள ஒரு சிற்றூரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நகைக்கடன் பதிவேட்டைப் புரட்டி வருகையில் ஒரு வரியில் நம் கண் நின்றது. கீரை பயிரிடும் அங்கத்தினரான அம்மையார் ஒருவர், தம் காதுத் தோட்டை ஈடு வைத்து ரூ. 18,000 பெற்றிருந்தார். கடனின் நோக்கம் என்ற கட்டத்தில் "வைத்தியச் செலவு" என்று எழுதப்பட்டிருந்தது. வட்டி வீதத்திலும் ஈட்டின் மதிப்பிலும் பிழை இல்லை. அம்மையார் அன்று உரம் வாங்கச் சங்கத்திற்கு வந்திருந்தபடியால், என்ன வைத்தியம் அம்மா என்று வாய்மொழியாக விசாரித்தோம்.

"உடம்பு இளைக்க ஊசிங்க ஐயா" என்றார் அவர். பின்னர் அவர் கூறியதன் சாரம் வருமாறு. மூட்டுவலிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றபோது, சர்க்கரை வியாதி எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, எடையைக் குறைக்கவேண்டும் என்று அங்குள்ள வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதன்பின் உறவினர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, உடல் இளைக்கச் செய்வதாக விளம்பரம் செய்யும் ஓர் இடத்திற்குப் போயிருக்கிறார். நாள்தோறும் ஓர் ஊசி, 40 நாள். உணவோ நாளொன்றுக்கு 500 கலோரி மட்டும். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் கீரைக்கட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பில் நடந்தவர், கண் இருண்டு விழுந்துவிட்டார். நல்லவேளையாக அது சேற்றுநிலம்.

"பயிற்சி எதுவும் தேவையில்லைன்னு சொன்னாங்க. கீரை பறிக்கிறதும் சுமக்கிறதும் பயிற்சியிலே சேருமா, சேராதான்னு நான் கேக்கலை. நீங்க சொல்லுங்க ஐயா."

அவர் அனுமதி பெற்றே இதை எழுதுகின்றோம். பெயரும் ஊரும் கூறாது விடுத்தோம்.

நாம் வைத்தியரல்லோம். கல்லூரியில் கற்றது வணிகவியல். செய்யும் தொழிலோ பிறர் எழுதிய கணக்கைச் சரிபார்ப்பது. எனினும் அம்மையாரின் கேள்வி நம்மை விடவில்லை. வைத்திய நூல்களும் ஆராய்ச்சி அறிக்கைகளும் இவ்விஷயத்தில் என்ன கூறுகின்றன என்று சில வாரங்கள் தேடிப் படித்தோம். தெரிந்த அரசாங்க வைத்தியர் ஒருவரிடமும் ஐயம் தெளிந்தோம். அதன் பயனாக நமக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தை அங்கத்தினர்கள் முன் வைக்கின்றோம்.

அம்மையாருக்கு ஏற்றப்பட்ட ஊசியின் பெயர் எச்.சி.ஜி. கருவுற்ற பெண்களின் நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன் இது. கர்ப்பம் தரித்திருப்பதைச் சிறுநீரில் கண்டறியும் சோதனை இதனைக் கொண்டே செய்யப்படுகிறது. மகப்பேறில்லாதாருக்குச் செய்யும் சிகிச்சையில் இதற்கு நியாயமான இடம் உண்டு. உடல் இளைக்கும் வைத்தியத்தில் இது நுழைந்த வரலாற்றுக்கும் நம் தேசத்திற்கும் சம்பந்தம் உண்டென்பது பலர் அறியாதது. சிமியன்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1930-களிலும் 40-களிலும் இந்தியாவில் பணியாற்றியவர். பம்பாயில் தொழில் நடத்தியவர். மிகப் பருத்த சிறுவர்களுக்கு இந்த ஹார்மோனைச் சிறு அளவில் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய அடங்காப் பசி தணிந்ததாக அவருக்குத் தோன்றிற்று. பிற்பாடு ரோமாபுரி சென்று, அங்கே ஒரு மருத்துவமனையில் இதனை ஒரு முறையாக வகுத்து, 1954-இல் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையிலும் தம் சிறு நூலொன்றிலும் வெளியிட்டார். தினம் 125 யூனிட் ஊசி. 500 கலோரி உணவு. பகலுக்கு 100 கிராம் கொழுப்பற்ற இறைச்சி, ஒரு காய்கறி, ஒரு ரொட்டிக் குச்சி, ஒரு பழம், இரவுக்கும் அதே. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், நாள் முழுதிற்கும் ஏழெட்டு இட்லி, அதுவும் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல்.

அவருடைய வாதத்தைச் சங்கக் கணக்கின் மொழியில் சொல்லிப் பார்ப்போம். தேகத்தில் உள்ள கொழுப்பு சேமநிதி போன்றது. தசையோ நாள்தோறும் தொழில் நடத்தும் மூலதனம். வரவு குறைந்த காலத்தில் செலவுக்கு எதை எடுப்பது? சேமநிதியின் பூட்டை மட்டும் திறந்துவிடும் சாவி இந்த ஹார்மோன், மூலதனத்தில் கை வைக்காது, பசியும் தெரியாது என்பதே அவர் கூற்று. கேட்பதற்கு இனிமையான கூற்று. ஆனால் பிற வைத்தியர்கள் பரிசோதித்தபோது அது நிலைக்கவில்லை. ஒரு சாராருக்கு இந்த ஹார்மோனையும், மற்றொரு சாராருக்கு யாரும் அறியாதபடி வெறும் உப்புநீரையும் ஏற்றி, இரு சாராருக்கும் ஒரே அளவு உணவு கொடுத்தார்கள். எடை இரு பக்கமும் ஒருபோலவே குறைந்தது, பசியும் அவ்வாறே. 1995-இல் டச்சு ஆராய்ச்சியாளர்கள் அதுவரை நடந்த 24 ஆராய்ச்சிகளைத் திரட்டி ஆராய்ந்து, உடல் இளைக்க இந்த ஹார்மோன் பயன்படுவதற்குச் சான்றில்லை என்று முடிவு கூறினர். அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா, எடைக் குறைப்பில் இதன் பயன் நிரூபிக்கப்படவில்லை என்று இம்மருந்தின் உறையிலேயே அச்சிடவேண்டும் என்று 1970-களிலேயே விதித்தது. 2011 டிசம்பரில், சொட்டு மருந்தாக இதனை விற்ற கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இளைப்பித்தது ஊசியன்று, பட்டினியே என்பது இதனால் விளங்கும். அம்மையார் ஈடு வைத்த தோடு பட்டினிக்கு விலையாகப் போயிற்று.

ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் நடுத்தரமாக உழைத்தால் நாளொன்றுக்கு 2,130 கலோரி செலவாகும். கடுமையாக உழைத்தால் 2,720. இத்தனை செலவுள்ள குடும்பத்திற்கு 500 மட்டுமே வரவு என்றால், சேமநிதியோடு மூலதனமும் கரையத்தான் செய்யும். "பயிற்சி தேவையில்லை" என்பதைச் சலுகைபோல் விளம்பரம் செய்கின்றார்கள். 500 கலோரியில் எவராலும் பயிற்சி செய்ய முடியாது என்பதே அதன் பொருள். அத்துடன், இவ்வளவு குறைந்த உணவில் பித்தப்பையில் கல் உண்டாவதும், இரத்தத்தில் உப்புக்களின் அளவு கெட்டு இருதயத் துடிப்பு ஒழுங்கு மாறுவதும் நேரக்கூடியவை.

இதைவிட மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாகவே தாராளமான உணவில்கூட என்ன நேரும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. இரண்டாம் உலகயுத்தத்தின் இறுதியில், 1944-45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் சுமார் 1,570 கலோரி உணவு கொடுத்தார். வாரம் 22 மைல் நடக்கவேண்டும் என்பதும் நிபந்தனை. உடல் எடையில் கால்பங்கு போயிற்று. பலம் குன்றியது, குளிர் தாங்கவில்லை, மாடிப்படி ஏறுவது மலையேற்றமாயிற்று, மனமும் சோர்ந்தது. நல்ல திடகாத்திரமான வாலிபர்கள் அவர்கள். நம் அம்மையாருக்கோ வயது 48.

ஆகவே அவருடைய கேள்விக்கு நம் பதில் ஐயத்திற்கு இடமற்றது. நாற்று நடுதல், களை பறித்தல், சுமை தூக்குதல் ஆகிய யாவும் தேகம் அறியும் பயிற்சிதான். சம்பளம் கிடைப்பதனால் தேகம் அதை வேறாகக் கருதுவதில்லை. 500 கலோரி உணவில் இருப்பவர் அவ்வேலைகளைச் செய்தல் கூடாது. வேலை செய்தே ஆகவேண்டியவர் அவ்வுணவு முறையில் இறங்குதல் கூடாது. கை வேலையால் ஜீவிக்கும் நம் அங்கத்தினர்களில் இரண்டாம் வகையைச் சேராதவர் எத்தனை பேர்?

நிற்க. ஹார்மோன் ஊசி என்ற சொல்லைக் கேட்டவுடன் எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்தி ஒதுக்கிவிடுவதும் தவறு. இப்பொழுது வேறொரு வகை வந்திருக்கிறது. நாம் உண்டபின் குடலில் சுரந்து, வயிறு நிறைந்தது என்று மூளைக்கு அறிவிக்கும் ஹார்மோன் ஒன்று உண்டு. அதன் சாயலில் ஆக்கப்பட்ட மருந்துகள் செமாக்ளூடைடு, டிர்செபடைடு முதலியன. பின்னது அத்தகைய இரண்டு ஹார்மோன்களின் வேலையைச் செய்வது. வாரம் ஒரு முறை ஏற்றிக்கொள்ளும் ஊசியாக, எடைக் குறைப்புக்கென்று, இவை 2025-இல் இந்தியக் கடைகளுக்கு வந்தன. செமாக்ளூடைடுக்கு இந்நாட்டில் உள்ள காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சு வரையில்தான். பல கம்பெனிகள் செய்யத் தொடங்கினால் விலை இறங்குவது இயல்பு, விலை இறங்கினால் நம் ஊர்களுக்கும் வரும். எச்.சி.ஜி. போலன்றி இவற்றின் பயன் ஒழுங்கான பரிசோதனைகளில் நிலைநாட்டப்பட்டது.

காஞ்சிபுரம் பக்கத்தில் நாம் அறிந்த பட்டு நெசவாளர் ஒருவர், ஐம்பதைக் கடந்தவர், நீண்ட நாளாகச் சர்க்கரை வியாதி உள்ளவர், வைத்தியரின் சீட்டின்பேரில் இந்த ஊசியை ஏற்றி வருகிறார். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன் செலவை ஏற்றுக்கொள்கிறான். ஏழு மாதத்தில் 11 கிலோ குறைந்திருக்கிறார். சர்க்கரையும் அடங்கியிருக்கிறது. அவரைப் பார்த்து நாம் சந்தோஷம் தெரிவித்தபோது, அவர் முகம் முழுதும் மலரவில்லை. "எல்லாம் சரிதான் சார். பலகையை இழுத்து அடிச்சா தோள் நடுங்குது. முன்னே ஆறு நாள்லே இறக்கின சேலை இப்போ எட்டு நாள் ஆவுது" என்றார். பயிற்சி ஏதேனும் செய்கிறீர்களா என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். நாள் முழுதும் குழித்தறியில் காலால் மிதித்துக் கையால் நாடா இழுக்கின்றவனுக்கு வேறு பயிற்சி எதற்கு என்பது அவர் எண்ணம்.

இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. செமாக்ளூடைடைப் பற்றி 2021-இல் வெளியான பெரிய பரிசோதனையில் 1,961 பேர் சேர்ந்தனர்; 68 வாரங்களில் மருந்து பெற்றோர் சராசரி நூற்றுக்கு 14.9 வீதம் எடை குறைந்தனர், வெற்று ஊசி பெற்றோர் 2.4 வீதம். இந்த எண்களையே எல்லோரும் எடுத்துரைக்கின்றனர். அப்பரிசோதனையில் இருந்த அனைவருக்கும் உணவைக் குறைக்கவும் வாரம் 150 நிமிஷம் தேகப்பயிற்சி செய்யவும் ஆலோசனை வழங்கப்பட்டது என்ற வரியை எடுத்துரைப்பார் இல்லை. அவர்களில் சிலரின் உடலை எக்ஸ்ரே கருவியால் பகுத்து அளந்தபோது, குறைந்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத பகுதி என்று தெரிந்தது. அதில் தசையும் அடக்கம். கொழுப்பு அதைவிட அதிகமாகக் குறைந்தது என்பது உண்மையே. குமாஸ்தா ஒருவருக்கு இது பொருட்டாகாமல் போகலாம். தோளும் தொடையுமே மூலதனமாக உள்ள நெசவாளருக்கு அவ்வாறு இருக்க முடியுமா? எட்டு நாளில் இறங்கும் சேலை இதற்கு விடை சொல்கிறது.

தறி வேலை பயிற்சியாகாதா என்ற வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. தறியில் அமர்ந்து பார்த்தவன் அதை லேசான வேலை என்று சொல்லமாட்டான். ஆயினும் அது ஒரே அசைவு, ஒரே இருக்கை. உட்கார்ந்த இடம் பெயர்வதில்லை. இருதயம் வேகமாக அடிக்கும்படி மூச்சு வாங்குவதில்லை. எப்போதும் தாங்கும் அதே பாரத்தையே தசை தாங்குகிறது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்ட நாட்களில் காலை வேளையில் ஒரு நடையாவது இருந்தது. பல ஊர்களில் அதுவும் குறைந்துவிட்டது.

டென்மார்க்கு தேசத்தில் கோபன்ஹேகனில் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி நம் விஷயத்திற்கு மிகவும் பொருந்துவது. முதலில் எட்டு வாரம் நாளொன்றுக்கு 800 கலோரி உணவு கொடுத்து, சராசரி 13 கிலோ குறையச் செய்தார்கள். பின்னர் 195 பேரை நான்கு கூறாக்கி ஓர் ஆண்டு கவனித்தார்கள்: ஒரு கூறுக்கு வெற்று ஊசி, ஒரு கூறுக்குப் பயிற்சி மட்டும், ஒன்றுக்கு லிராக்ளூடைடு என்னும் இதே இனத்து ஊசி மட்டும், கடைசிக் கூறுக்கு ஊசியும் பயிற்சியும். வெற்று ஊசிக் கூறோடு ஒப்பிட, பயிற்சி மட்டும் செய்தவர் 4.1 கிலோவும், ஊசி மட்டும் பெற்றவர் 6.8 கிலோவும், இரண்டும் சேர்ந்தவர் 9.5 கிலோவும் குறைந்திருந்தனர். உடலில் கொழுப்பின் வீதமோ, ஒன்றை மட்டும் கைக்கொண்டவர்களைப்போல் ஏறக்குறைய இரட்டிப்பாக இக்கடைசிக் கூறாரிடம் இறங்கியிருந்தது. அதற்கு மேல் ஓர் ஆண்டு கழித்து, எல்லாவற்றையும் நிறுத்தியபின் என்ன ஆயிற்று என்றும் பார்த்தார்கள். ஊசியை நிறுத்தியவர்களுக்கு, பயிற்சி வகுப்பை நிறுத்தியவர்களைக் காட்டிலும் 6 கிலோ கூடுதலாக எடை திரும்பிற்று. ஊசி வாழ்நாள் முழுதும் வாங்கக்கூடிய பண்டமா என்பதை அவரவர் வீட்டு வரவு செலவு அறியும். மகனுக்கு வேலை போனால் நெசவாளரின் ஊசியும் நிற்கும். அதற்குள் பழகிய பயிற்சி நிற்கவேண்டியதில்லை.

ஆகவே இந்த இரண்டாம் வகை ஊசியில் இருப்போர் பயிற்சி செய்யவேண்டும் என்பது மட்டுமின்றி, தசைக்குப் பாரம் கொடுக்கும் பயிற்சியே முதன்மையாகச் செய்யவேண்டும் என்பது நம் துணிபு. இதற்கு இரும்புக் குண்டுகளோ சந்தா கட்டும் பயிற்சிக்கூடமோ வேண்டியதில்லை. நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துப் பதினைந்து முறை எழுந்து அமர்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், மூட்டு இடங்கொடுத்தால் பிள்ளையார் கோவிலில் போடும் தோப்புக்கரணம், இரு கையிலும் நீர்க்குடம் ஏந்தி முற்றத்தில் நடத்தல் ஆகியவற்றை வாரத்தில் இரண்டு நாளாவது செய்யலாம். மற்ற நாட்களில் நடை. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்து அரசாங்கம் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. அவ்வளவு தூரம் செல்ல இயலாதவர் ஏரிக்கரையில் அரை மணி நடக்கலாம். தறியில் இருப்போர் மணிக்கொரு தரம் குழியை விட்டு ஏறி வருதல் நன்று. ஏறுவதே ஒரு பயிற்சி. விவசாயிகளுக்கு நடவும் அறுப்பும் உள்ள மாதங்களில் தனியே ஒன்றும் வேண்டாம். வேலையற்ற மாதங்களில்தான் வேண்டும்.

பயிற்சி செய்தும் தசைக்கு உணவு இல்லையேல் பயனில்லை. இந்த ஊசி பசியைக் குறைப்பதால், பலர் குழம்பு சோற்றில் நான்கு கவளத்தோடு எழுந்துவிடுகின்றனர். பருப்பும் முட்டையும் இலையில் நின்றுவிடுகின்றன. சிறுநீரக வியாதி இல்லாதவர்கள், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் உண்ணவேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம். அரை லிட்டர் பாலில் 16 கிராம் அளவு. சுண்டலும் பொட்டுக்கடலையும் நம்மிடம் உள்ளவையே. பால் நம் கூட்டுறவுப் பாலாக இருந்தால் இன்னும் விசேஷம் என்று எழுத நம் உத்தியோகம் நம்மைத் தூண்டுகிறது.

ஜாக்கிரதையாக இருக்கவேண்டியவையும் உண்டு. இந்த ஊசியோடு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ உட்கொள்வோருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென மிகத் தாழ்ந்துவிடலாம். வேர்வையும் நடுக்கமும் கண்டால் உடனே ஏதேனும் இனிப்பு உண்ணவேண்டும், மாத்திரை அளவை வைத்தியரிடம் சொல்லி மாற்றவேண்டும். வாந்தியும் பேதியும் ஊசியின் முதல் வாரங்களில் வரக்கூடியவை. அந்நாட்களில் சித்திரை வெயிலில் வயலில் இறங்கினால் உடலில் நீர் வற்றிவிடும். சீட்டில்லாமல் எவரிடமும் இதை வாங்குதல் கூடாது என்பதைச் சொல்லவேண்டியதே இல்லை, ஆனாலும் சொல்லிவைக்கின்றோம்.

இதெல்லாம் கூட்டுறவுப் பத்திரிகைக்கு ஏற்ற விஷயமா என்று சில காரியதரிசிகள் கேட்கக்கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பு 2023-இல் வெளியானபோது, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14.4 பேருக்குச் சர்க்கரை வியாதி என்று கண்டது. நூறு பேர் கூடும் பொதுக்கூட்டத்தில் பதினான்கு நாற்காலிகள் அவர்களுடையவை. எடை குறையுங்கள் என்று வைத்தியர் அவர்களிடம் சொல்லும்போதெல்லாம், குறுக்கு வழி காட்ட ஒருவர் தெருமுனையில் காத்திருப்பார். அதற்குப் பணம் நம் சங்கத்தின் பெட்டியிலிருந்து கடனாகப் போகும். அங்கத்தினர் தம் நகையை ஈடு வைத்துக் கேட்கும் கடனை மறுக்க நமக்கு உரிமையில்லை, இருக்கவும் கூடாது. என்ன மருந்து, யார் எழுதிய சீட்டு என்று அன்போடு ஒரு வார்த்தை கேட்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரை அழைத்துப் பேசச் சொல்லலாம் என்று நாம் பார்வையிடும் சங்கங்களில் கூறி வருகின்றோம். இரண்டு சங்கங்கள் இசைந்திருக்கின்றன. கூட்ட முடிவில் வழங்கும் போண்டாவையும் ஜாங்கிரியையும் குறைக்கும்படி கூறும் துணிவு நமக்கு இன்னும் வரவில்லை.

பட்டு நெசவாளரை ஐப்பசியில் மறுபடியும் கண்டோம். மாலை வேளையில் இரு கையிலும் குடத்தோடு தெருவில் நடக்கின்றாராம். பிள்ளைகள் பரிகாசம் செய்கின்றனவாம். சேலை ஏழு நாளில் இறங்குகிறது என்றார்.

கீரைக்கார அம்மையார் விழுந்த அன்றே ஊசியை விட்டுவிட்டார். மீதி நாட்களுக்குக் கட்டிய பணத்தை அவர்கள் திருப்பித் தரவில்லை. இப்பொழுது காலையில் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் உண்டு, வயலுக்குப் போகிறார். இரவில் சோற்றைப் பாதியாக்கிக் கீரையையும் பருப்பையும் கூட்டியிருக்கிறார். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. அது அவருக்குப் போதவில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியருக்குப் போதுமானதாக இருக்கிறது. தோடு இன்னும் சங்கத்தின் இரும்புப் பெட்டியில்தான் உள்ளது. பொங்கலுக்குக் கீரையும் மஞ்சள் கொத்தும் விற்று மீட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.